கால் மணி நேரத்து ஆள்

நீ போகலாமம்மா. எனக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, உன்னைச் சொல்லவில்லை. என் பெயரைப் பார்த்திருப்பார்கள். சவேரிமுத்து என்று இவ்வளவு நீளமாக இருக்கிறதே, இந்தக் கிழவிக்கு பிரெஞ்சு எங்கே வரப்போகிறது என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். நான் பிரெஞ்சுக்காரி. பாண்டிச்சேரி. என் மாமனார் சைகோனில் கோர்ட்டிலே வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுக்காரர் இந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர். உங்களை மாதிரி நாங்கள் பிறகு வந்தவர்கள் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சரி, வந்தது வந்துவிட்டாய், உட்கார். உள்ளே கூப்பிட இன்னும் நேரமாகும்போலிருக்கிறது. உன் பெயர் என்ன? சுகந்தினி. நல்ல பெயர். யாழ்ப்பாணமா? உங்கள் தமிழ் கேட்க நன்றாக இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதை உள்ளே போய் நீதிபதியிடம் சொல்லிவிடுவாயா?

"இல்லை அன்ரி, உள்ளுக்கை கதைக்கிறதை மட்டுந்தான் நான் சொல்லுவன்" என்கிறாய். சத்தியமாக? சரி.

மெதுவாகத் திரும்பிப் பார். ஐயோ, இப்படி வெடுக்கென்று திரும்பாதே. நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், ஜன்னல் பக்கத்தில், பச்சை முக்காடு போட்ட ஒரு அம்மா இருக்கிறாளே, மடியில் ஃபிளாஸ்க் வைத்துக்கொண்டு? அவள் மதாம் யமீனா. எனக்கு எதிர் வீடு. காலையில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எனக்குத் துணையாகவா வந்தீர்கள்? இந்தக் குளிரில், உங்கள் முட்டிவலியோடா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். இந்த ஆரஞ்சு அவள் கொடுத்ததுதான். பையில் போடவும் மனசில்லை, தின்னவும் முடியவில்லை. அப்போதிலிருந்து கையிலேயே இருக்கிறது.

அவள் மகனைத்தான் இன்றைக்குச் சிறையிலிருந்து கொண்டுவருகிறார்கள். எங்கள் கட்டிடத்தில் ஒரு கிழவரை அடித்துத் தள்ளிவிட்டு பர்சைப் பிடுங்கினான் என்று வழக்கு. அவனைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி நான்தான். இன்று அவனை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு முகம் பார்த்து மறுபடி சொல்லச் சொல்வார்கள்.

யமீனாவுக்கு இது தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

பயமாக இருக்கிறதம்மா. நீ போகவேண்டாம், உட்கார்.

கீழே வாசலில் என்ன நடந்தது தெரியுமா? பாஸ்போர்ட்டைக் காட்டினேன், பிரெஞ்சு பாஸ்போர்ட். அந்தக் காவல்காரப் பையன் பார்க்கவேயில்லை. "கைதியின் குடும்பமா? மேலே ஜன்னல் பக்கத்து பெஞ்ச்" என்றான். நான் சாட்சி என்றேன். திரும்பவும் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் நல்ல கோட்டுதான் போட்டிருக்கிறேன், பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற கோட்டு.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

கல்யாணமாகி, பாரிஸுக்குப் பக்கத்தில் இந்த சார்செலுக்கு வந்தபோது எனக்கிருந்த பிரெஞ்சு, கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு. தோட்டம், பூ, நன்றி, மன்னிக்கவேண்டும். கடையில் பேசினால் சிரிப்பார்கள். எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் கொமிசேர் ஓப்ரியோ. நீ சின்னப் பெண், உனக்குத் தெரிந்திருக்காது. கொமிசேர் என்றால் போலீசில் பெரிய அதிகாரி. அவர் பெயரிலேயே தொடர். வியாழக்கிழமை ஆனால் இந்த நாடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும். வருஷக்கணக்காக ஓடியது. இப்போதும் மத்தியானத்தில் அதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், என்னைப் போன்ற தனிக்கட்டைகளுக்காக.

அந்த மனிதர் பேரிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டே கேள்வி கேட்பார். தோல் அறுந்துபோகாமல் நீளமாகத் தொங்கும். கத்தி நின்றுவிட்டது என்றால் எதிரே இருப்பவன் உண்மையைச் சொல்லியாகவேண்டும். அவரிடம்தான் நான் பிரெஞ்சு படித்தேன். "அன்று மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" "யாரும் வெளியே போகக்கூடாது." என் பிள்ளை பாத்ரிக் பள்ளிக்கூடம் விட்டுத் தாமதமாக வந்தால் இப்படித்தான் விசாரிப்பேன். "மம்மா, நீ என்ன போலீஸா?" என்பான்.

அந்தத் தொடரில் யார் யார் வருவார்கள் என்று கேள். பத்திரம் எழுதுகிற நோட்டரி வருவார். டாக்டர் வருவார். திராட்சைத் தோட்டக்காரர், அவருடைய விதவைத் தங்கை. கொலை செய்தவர் எப்போதும் அவர்களில் ஒருவர்தான். அவருக்கு ஒரு துக்கம் இருக்கும், செத்துப்போன ஒரு தாய் இருப்பாள். கடைசிப் பத்து நிமிஷம் மழை பெய்யும், அவர் பேசிக்கொண்டே இருப்பார். நான் அழுவேன். கொலைகாரனுக்காக அழுதிருக்கிறேன், நினைத்துப் பார்.

ஆனால் அதற்கு முன்னே, ஆரம்பத்திலேயே ஒருவனைப் பிடிப்பார்கள். அரபுக்காரன், இல்லாவிட்டால் கறுப்பு ஆள். போலீசைப் பார்த்ததும் ஓடுவான். சுவரேறிக் குதிப்பான். பிடித்து காரின் மேல் கவிழ்த்து விலங்கு மாட்டுவார்கள். அவன் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், கதை இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கிறதே! எங்கள் வீட்டுக்காரர் எழுந்திருப்பார். "இவன் இல்ல பிலோமின், இவன் கால் மணி நேரத்து ஆளு" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போவார்.

நம் ஆட்கள் வரவே மாட்டார்கள். ஒரே ஒரு தடவை வந்தது. எங்கள் பக்கத்து ஆல்பேர் இருந்தான், காரைக்கால்காரன், அவனுக்கு ஒரு வேஷம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு எங்கள் கூடம் கொள்ளாத கூட்டம். வடை சுட்டேன். தொடரில் ஒரு சாப்பாட்டுக் கடை. சமையலறைத் தரையில் ஆல்பேர் செத்துக் கிடக்கிறான். கொமிசேர் அவனைத் தாண்டிக்கொண்டு போகிறார். "யார் இது?" "யாரோ ஒரு பாக்கிஸ்தானி" என்கிறான் உதவியாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "பாண்டிச்சேரின்னு சொல்ல வாய் வரலியா இவனுங்களுக்கு?" அவன் செத்துக் கிடந்ததைப் பற்றி யாருக்கும் ஒன்றுமில்லை. ஆல்பேர் சோபாவில் வடையைக் கடித்துக்கொண்டு, "இமைய ஆட்டினேனா பாத்தியாக்கா? ஒரு ஆட்டு ஆட்டல" என்கிறான். அதை கேசட்டில் பதிந்து வைத்து வந்தவர் போனவர்க்கெல்லாம் போட்டுக் காட்டினோம். பெருமையாகத்தான் இருந்தது. பொய் எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னே. சாயங்காலமே இருட்டிவிடுகிற நாட்கள். மாடிப்படியில் ஒரு சத்தம், ஒரு அலறல். கதவில் சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அதில் கண்ணை வைத்தேன். மேல் மாடிக் கிழவர் முஸ்யே பெர்த்தியே படியில் சுருண்டு கிடக்கிறார், அவர் வாங்கிவந்த ரொட்டி உருண்டு போகிறது. ஒரு ஆள் கீழே ஓடுகிறான். இருட்டு நிற ஜாக்கெட். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. எங்கள் படிக்கட்டு விளக்கு அப்படித்தான், அதுவாகவே அணைந்துவிடும்.

முதுகைத்தான் பார்த்தேன். முகம்... திரும்பினான் என்றுதான் நினைக்கிறேன். திரும்பியிருப்பான்.

போலீஸ் வந்தது. ஒரு இளம் அதிகாரி என் சோபாவில் உட்கார்ந்து, "மதாம், உங்களால்தான் எங்களுக்கு உதவ முடியும்" என்றான். கேட்டாயா? இந்த நாட்டில் இத்தனை வருஷமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள், அதோடு சரி. இவன் நான் சொல்வதை ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொள்கிறான். முதுகு என்றேன், எழுதினான். ஜாக்கெட் என்றேன், எழுதினான். "முகம்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினான்.

அந்தப் பேனா நின்றது பார், அதுதான்.

"பார்த்தால் அடையாளம் சொல்லுவேன்" என்றேன். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. தொடரில் வருகிற சாட்சிகள் அப்படித்தான் சொல்வார்கள். என் வாயில் தயாராக இருந்தது.

மறுநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். காபி கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள். நான்கு பேர் நல்ல சிவப்பு, முடி ஒட்ட வெட்டி, நிமிர்ந்து நின்றார்கள். ஆள் போதாவிட்டால் போலீஸ்காரர்களையே நிறுத்துவார்களாம், பாத்ரிக் பிறகு சொன்னான். ஒருவன் மட்டும் மாநிறம். தோள் தொங்கிப்போய், ராத்திரி தூங்காத கண். ஷூவில் கயிறு இல்லை. பார், ஷூவுக்குக் கயிறு கட்டக்கூட ஒழுங்கில்லாதவன் என்று நினைத்தேன். பிடித்துவைத்த ஆளின் ஷூக் கயிற்றையும் பெல்ட்டையும் உருவிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை அதே தொடரில் பார்த்திருக்கிறேன்! அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நான் நிறத்தைப் பார்க்கவில்லை. நான் நிறம் பார்க்கிறவள் இல்லை. முகத்தைத்தான் பார்த்தேன். தெரிந்த முகம். கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் தெரிந்த முகம். இடது புருவத்தில் குறுக்கே ஒரு வெட்டு. இந்த வெட்டை நான் பார்த்திருக்கிறேன். இவன் ஓடுவதை என் இரண்டு கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"இவன்தான்" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயம்."

"அருமையான சாட்சி மதாம் நீங்கள்" என்று கைகுலுக்கினான் அந்த அதிகாரி. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். தூங்கினேன் என்பதைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் யமீனாவின் மகன் என்று எனக்குத் தெரியாது. யமீனா இலையுதிர் காலத்தில்தான் எதிர் வீட்டுக்கு வந்தாள். மகன் நூருதீன் வேறு ஊரில் இருக்கிறான், ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அன்று அம்மா வீட்டு ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்தவன், ஏதோ சாமான் வாங்கக் கீழே போய்த் திரும்பிவரும்போது வாசலில் பிடித்துவிட்டார்கள். இருட்டு நிற ஜாக்கெட்டாம். இந்தக் குளிரில் யார்தான் போடவில்லை? எனக்கே ஒன்று இருக்கிறது. முஸ்யே பெர்த்தியேவைக் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. இடுப்பு உடைந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான். ஆக, நான் சொன்ன ஒரு சொல்தான் அவனை உள்ளே வைத்திருக்கிறது.

அவள் மகன் என்று தெரிந்தபிறகும் நான் கலங்கவில்லை. பாவம், இப்படிப் பெற்றாளே என்றுதான் நினைத்தேன். அரபுக்காரர்களும் மனுஷர்கள்தான், ஆனால் பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பதில்லை என்று பாத்ரிக்கிடம்கூடச் சொன்னேன்.

பிறகு தவக்காலம் வந்தது. அவர்களுக்கும் அப்போது நோன்பு. ஒரு மத்தியானம் யமீனா பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு வந்தாள், சாயங்காலம் குடியுங்கள் என்று. வந்தவள் என் மேஜையில் தலையை வைத்து அழுதாள். "யாரோ பார்த்தார்களாம். என் பிள்ளையைப் பார்த்தார்களாம். அந்தக் கண்ணுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?" நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்.

டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. கொமிசேர் ஓப்ரியோ. அழுதுகொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். அவள் முகம் மாறியது. சிரித்தாள்.

"பாருங்கள், பாருங்கள், என் நூருதீன்!"

பார்த்தேன். ஒரு சின்னப் பையன் சந்தில் ஓடுகிறான். சுவரேறிக் குதிக்கிறான். பிடித்துவிட்டார்கள். காரின் மேல் கவிழ்க்கிறார்கள். முகம் இந்தப் பக்கம் திரும்புகிறது. புருவத்தில் வெட்டு.

"அது எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது" என்கிறாள் யமீனா. "அவனுக்கு நடிகனாக வேண்டுமென்று ஆசை. டாக்டர் வேஷம் கேட்பான். திருடன்தான் கொடுத்தார்கள். அடுத்த தடவையும் திருடன். நன்றாக ஓடுகிறாய் என்பார்களாம். வெறுத்துப்போய் விட்டுவிட்டான்."

தெரிந்த முகம், தெரிந்த முகம் என்றேனே. தெரியாமல் எப்படி இருக்கும்? எத்தனை மத்தியானம் பார்த்திருக்கிறேன்!

நான் எதையாவது பேசவேண்டுமே என்று, "அப்புறம் இவனுக்கு என்ன ஆகிறது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் ஆகாது. இதோடு சரி. இவனை விட்டுவிட்டதைக் காட்டவே மாட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் முடிகிறவரை உட்கார்ந்து பார்ப்பேன், வீட்டுக்கு அனுப்புவதைக் காட்டுவார்களோ என்று." சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

அந்த சூப்பை நான் குடிக்கவில்லை. கொட்டவும் பயம், கொட்டும் சத்தம் அவள் வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று. கதவுக் கண்ணாடியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நான் பிடிபட்டவள் போல.

பாத்ரிக்கிடம் போனில் சொன்னேன். "மம்மா, சொன்னத மாத்தாத" என்றான். "மாத்துனா பொய் சாட்சின்னு உன்னத்தான் உள்ள வெப்பாங்க. அவன் பண்ணியே இருக்கலாம், உனக்கென்ன தெரியும்? முதுகு அவனோடதா இருக்கக் கூடாதா?"

"அவனோடது இல்லன்னாலும் இருக்கலாம்லடா."

"நமக்கெதுக்கு மம்மா வம்பு? நாம அவங்க மாதிரி இல்ல."

அப்படித்தானே நானும் அவனை வளர்த்தேன்.

நீ கோர்ட்டில் வேலை செய்கிறவள், சொல்லு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்களா? சிரிக்காதே. பிரெஞ்சுக்காரிதான், ஆனாலும் கேட்கிறேன். என் பையில் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். பாஸ்போர்ட், கார்டு, ஜெபமாலை, எங்கள் வீட்டுக்காரரின் ராணுவ மெடல். நீதிபதி சத்தம் போட்டால் மெடலைக் காட்டலாமென்று. கீழே இருந்த பையன் அதை எக்ஸ்ரே பெட்டியில் பார்த்துவிட்டு, "இது என்ன, உங்கள் ஊர் நகையா?" என்றான்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பாத்ரிக் சொன்னபடியே செய்வதென்றுதான் கிளம்பினேன். அவன்தான், நிச்சயம், இரண்டே வார்த்தை. அதற்கு ஆள் எதற்கு? அதனால்தான் உன்னைப் போகச் சொன்னேன்.

லிஃப்ட் சத்தம். சங்கிலி சத்தம் கேட்கிறதா? கொண்டுவருகிறார்கள். நீ இந்தப் பக்கம் பார், என்னோடு பேசுவது போல இரு.

யமீனா எழுந்துவிட்டாள். கிட்டே விடமாட்டார்கள். அவன் நடையைப் பார். இரண்டு பக்கமும் போலீஸ், நடுவே குனிந்துகொண்டு... அதே நடை. தொடரில் வந்த அதே நடை. இல்லை, இல்லை. கையை விலங்கில் மாட்டினால் யாரும் அப்படித்தான் நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடப்பேன்.

நிற்கிறான். ஏன் நிற்கிறான்? என்னைப் பார்க்கிறான். மாதாவே.

...

போய்விட்டானா? கதவைச் சாத்தியாயிற்றா? அவன் சொன்னது கேட்டதா உனக்கு? "மதாம், என் அம்மாவுக்குத் துணையாக இருப்பதற்கு நன்றி." தலை குனிந்து சொன்னான். யமீனா சிறைக்குப் போய்ப் பார்த்தபோது என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் அவனிடம். குரலை இப்போதுதான் கேட்கிறேன். அத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அவனை ஒரு வார்த்தை பேசவிட்டதில்லை அந்தத் தொடரில்.

யார் அவள், மூக்குக் கண்ணாடி போட்டவள்? கூப்பிடுகிறாளா? என்னையா? மதாம் சவேரிமுத்து, ஆமாம், நான்தான். ஒரு நிமிஷம்.

உனக்கு மொழிபெயர்ப்பு வேலை உண்டா இல்லையா என்று கேட்கிறாள்.

சுகந்தினி, என் பிரெஞ்சு போய்விட்டது. எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "தப்பு என்னுடையது" என்பதற்குச் சொல் தெரியும், கடையில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்வோமே, அது தெரியும். இந்த மாதிரி அறைக்குள் அதை எப்படிச் சொல்வது? வருஷக்கணக்காகப் பார்த்தேன், ஒரு சாட்சிகூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இவன்தான் என்பார்கள். அதோடு காட்சி மாறிவிடும்.

நீ உள்ளே வா. நான் தமிழில் சொல்கிறேன், நீ அப்படியே சொல். நான் பொய் சொல்லவில்லை என்று முதலில் சொல். அந்த முகத்தை நான் பார்த்தது நிஜம் என்று சொல். எங்கே பார்த்தேன் என்பதையும் சொல். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். மெடலை நான் எடுக்கச் சொன்னால் எடுத்துக் கொடு, இல்லாவிட்டால் வேண்டாம்.

கையைப் பிடித்துக்கொள். ஆரஞ்சை வாங்கிக்கொள்ளாதே, என் கையிலேயே இருக்கட்டும். யமீனா பார்க்கிறாள். நான் எதற்கு எழுந்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை. இன்னும் புரியவில்லை. மாதாவே, இதோ புரிகிறது.

சுகந்தினி, நில். நான் சொன்னதையெல்லாம் அப்புறம் சொல்லலாம். முதலில் "அவன் இல்லை" என்று சொல். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. சத்தமாகச் சொல், கதவு சாத்துவதற்குள். அந்தக் கோடி பெஞ்ச் வரைக்கும் கேட்கவேண்டும்.